பாட்டுக்கு முன்னால் வரும் பெயர்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவன் நான். அதற்குப் பிறகு என் கையெழுத்து விழுந்த இடங்கள் இரண்டுதான்: தருமபுரி புளி மண்டியில் மூட்டைகளின் மேல் மையால் போடும் அடையாளம் ஒன்று, சிலோன் ரேடியோவுக்குப் போட்ட பாட்டுக் கார்டுகள் இன்னொன்று. அதோடு, நான் சொல்வதை ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். மழை வருகிறது என்று நான் சொன்னால் வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் துணியை எடுப்பார்கள். அப்படிப்பட்டவன் எழுதி என்ன ஆகப்போகிறது என்று இருந்தேன். ஆனால் போன வாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தவர் தற்செயலாகச் சிலோனைப் பிடித்துவிட்டார். அந்த நேரம் மரண அறிவித்தல் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்ற இறக்கமில்லாத அந்தப் பெண் குரலைக் கேட்டதும் கையிலிருந்த டீயை வேட்டியில் கொட்டிக்கொண்டேன். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் எல்லோரும் காதால் கடல் தாண்டிக்கொண்டிருந்தோம். நம் ஊர் ரேடியோ வேளாண்மை சொல்லும், கச்சேரி வைக்கும், சினிமாப் பாட்டை மருந்து மாதிரி அளந்து ஊற்றும். பக்கத்து நாட்டு ஸ்டேஷனோ பாட்டை வைத்தே பிழைத்தது. இடையிடையே விளம்பரம், பிறந்தநாள் வாழ்த்து, பாட்டு விரும்பிக் கேட்டவர்களின் பெயர், நாள் முழுக்கத் திருவிழா. சாயங்காலமானால் சிற்றலையில் சீனா தமிழ் பேசும், ரஷ்யா தமிழ் பேசும், மணிலாவிலிருந்து ஜெபம் வரும், நடுவில் பெங்களூர்க்காரன் கன்னடத்தில் நுழைந்துவிடுவான். என் கூட்டாளி ஒருவன் அவன் அப்பா விட்டுப்போன ரேடியோ ரிப்பேர் கடையை வைத்திருந்தான். என் வயதுதான், ஆனாலும் ஊரே கூப்பிடுகிற மாதிரி நானும் பாய் என்றுதான் கூப்பிடுவேன். முள்ளை நகர்த்திக்கொண்டே அவன் சொல்வான்: "பாத்துக்கடா, ஒரு நூலு நவுத்தினா ஒரு நாடு. பாஸ்போட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

நாங்கள் சிரிப்போம். சிலோன் அண்ணன் மட்டும் சிரிக்கமாட்டார்.

அவருக்கு அந்தப் பெயர் வைத்தது நான்தான். மலைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். இரண்டு நாட்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசித் தோட்டத்து ஜனங்களைப் பங்கு பிரித்தபோது அவர் இந்தியாவின் பங்கில் விழுந்தார். தாத்தா ஏரியூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர் என்று குடியுரிமை மனுவில் எழுதியிருந்ததால் அவரை ஏரியூருக்கு அனுப்பினார்கள். அங்கே தாத்தாவின் பெயர் சொன்னால் தெரிகிறவர் ஒருவரும் இல்லை. சில மாதம் பார்த்துவிட்டுத் தருமபுரிக்கு வந்து, எங்கள் மண்டியில் கோணி தைக்கிற வேலையில் சேர்ந்துகொண்டார். ஒல்லியான ஆள். பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வார். எங்களுக்கு அவர் பேச்சே வேடிக்கை. முடியாது என்பதற்கு ஏலாது என்பார். "அண்ணா, இந்த மூட்டையத் தூக்க ஏலுமா ஏலாதா?" என்று நான் நாள் முழுக்க அவரைப் படுத்தி எடுப்பேன்.

அவரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. வாரம் தவறாமல் சிலோன் ரேடியோவுக்குப் பாட்டு கேட்டுக் கார்டு போடுவார். எழுதித் தருவது நான். என்ன பாட்டு என்று கேட்டால், "எதாச்சும் போடு தம்பி, பேரு மட்டும் தெளிவா எழுது" என்பார். சனிக்கிழமை சாயங்காலம் நிகழ்ச்சி. அன்று முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டு, பாய் கடை வாசலில் கைகட்டி நிற்பார். அறிவிப்பாளர் ஊரும் பெயருமாக வாசித்துக்கொண்டே வருவார். தருமபுரி என்றதும் அண்ணன் ஒரு அடி முன்னால் வருவார். பெயர் வரும். வந்ததும் பெருமூச்சு விட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அவர் கேட்ட பாட்டு அதற்கப்புறம்தான் தொடங்கும்.

"ஏனுங்கண்ணா, கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிட்டு சாப்புடாம போறீங்களே! பாட்டு வருதுங்க!" என்று நான் முதுகுக்குப் பின்னால் கத்துவேன். கடைவீதியே சிரிக்கும். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் அசைத்துவிட்டுப் போவார்.

ஒரு கட்டத்தில் அந்த நிகழ்ச்சிக்குக் கார்டுகள் மலையாகக் குவிந்தன. ஒவ்வொருவர் பெயராக வாசித்தால் பாட்டுக்கு நேரமில்லை என்ற நிலை. அதனால் முறையை மாற்றினார்கள். தங்கள் நாட்டு நேயர்களின் பெயரை முழுதாகவும், எங்களைப் போன்ற வெளிநாட்டுக்காரர்களை ஊரோடு சேர்த்துக் கட்டாகவும் வாசித்தார்கள். 'சேலம் நேயர்கள், தருமபுரி நேயர்கள், ஆம்பூர் நேயர்கள்' என்று முடிந்துவிடும். எங்களுக்கு அதில் பெரிய வருத்தமில்லை. பாட்டு வருகிறதல்லவா?

அண்ணன் முதல் சனிக்கிழமை, நிகழ்ச்சி முடிந்து விளம்பரம் தொடங்கியும் நின்றுகொண்டே இருந்தார். அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான். மூன்றாவது தடவை நான் வழக்கம்போல வாயைத் திறந்தேன். "என்னங்கண்ணா, சிலோன்காரன் ஒங்கள மறந்துட்டானாட்டம் இருக்குது?" அவர் என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"அவ செத்துட்டேன்னு நெனச்சுக்குவா தம்பி."

அன்றைக்குத்தான் விஷயத்தைச் சொன்னார். அவருக்கு அங்கே மனைவி இருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே அவள் பெயர் அவளுடைய அப்பாவின் மனுவில் போயிருந்தது. இவருடைய குடியுரிமைத் தாள் முதலில் வந்துவிட்டது, அவளுடையது வரவில்லை. தாள் வந்தவர் நாளைக் கடத்தாமல் இந்தியாவுக்குக் கிளம்பவேண்டும் என்பது சட்டம். அவர் வந்துவிட்டார், அவள் லயத்தில் நின்றுவிட்டாள். லயம் என்றால் தோட்டத்துக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகள். அவளுக்கு எழுத்து தெரியாது. கடிதம் போட்டால் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான் வாசித்துக் காட்டவேண்டும்.

"அந்தாளு இருக்கறதப் படிக்கமாட்டாரு தம்பி. இல்லாததச் சேத்துப் படிப்பாரு. எங்க பெரியம்மா மகளுக்கு வந்த கடுதாசில புருசன் இந்தியாவுல வேற கல்யாணம் கட்டிக்கிட்டான்னு படிச்சுச் சிரிச்சாரு. அந்தப் புள்ள மருந்தக் குடிச்சிருச்சு. ரேடியோல வர்ற பேர யாரும் மாத்திப் படிக்க ஏலாதுல்ல? அதான் சொல்லிட்டு வந்தேன். சனிக்கெழம என் பேரு வந்தா உசுரோட இருக்கேன்னு வெச்சுக்க, வேற யாரு என்ன சொன்னாலும் நம்பாதன்னு."

ஏலாது என்று அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் ஏன் பாட்டுக்கு நிற்பதில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. பாட்டு அவருக்குத் தேவையே இல்லை.

அதற்கப்புறம் நானும் பாயும் கார்டு மேல் கார்டாகப் போட்டோம். பெயரைப் பெரிதாக எழுதினோம், சிவப்பு மையில் எழுதினோம், 'தயவுசெய்து பெயரை வாசிக்கவும்' என்று அடிக்கோடிட்டோம். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள் போலிருக்கிறது. தருமபுரி நேயர்கள் என்ற கட்டுக்குள் அவர் காணாமல் போய்க்கொண்டே இருந்தார். வேறு வழியின்றி அவருக்குத் தெரியாமல் மனைவியின் பெயருக்கு ஒரு கடிதமும் எழுதினேன். பதில் வரவில்லை. சனிக்கிழமை நெருங்கினாலே மண்டியில் மூட்டைகளுக்கு அடையாளத்தை மாற்றிப் போட ஆரம்பித்தேன். வாழ்க்கையில் எதற்கும் பயப்படாதவன் என்று பேர் வாங்கியவன் நான். ஒரு பெயர் வாசிக்கப்படவில்லை என்பதற்காக இப்படி நடுங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரை ஓட ஓடக் கேலி செய்திருப்பேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம். சாப்பாட்டு நேரத்தில் பாய் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவன் யாருடைய செட்டையோ பிரித்துப் போட்டு ஈயம் வைத்துக்கொண்டிருந்தான். அலமாரியிலிருந்த இன்னொரு செட்டில் சிலோன் ஓடியது. மரண அறிவித்தல் தொடங்கியது. அங்கே அது ஒரு வழக்கம். சாவைக் கடிதம் போட்டுச் சொல்ல நேரமிருக்காது, ரேடியோவில் வாசிக்கச் சொல்லிவிடுவார்கள், மலையில் சிதறிக் கிடக்கும் சொந்தங்கள் கேட்டுக்கொண்டு புறப்பட்டு வருவார்கள். நாங்கள் அதைக் காதில் வாங்குவதே இல்லை. அன்றும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று பாயின் கை நின்றது. ஈயம் சொட்டி மேசையில் விழுந்தது.

அந்தக் குரல் முதலில் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னது. 'இந்தியா, தருமபுரியில் வசித்து வந்தவருமான' என்றது. பிறகு நான் அத்தனை கார்டுகளில் எழுதிய பெயரைச் சொன்னது. காலமானார். அன்னார் இன்னாரின் மகனும் இன்னாரின் அன்புக் கணவரும் ஆவார். கருமாதி எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை லயத்தில் நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கின்றோம்.

அத்தனை நாள் ஏங்கிய பெயர் கடைசியில் ரேடியோவில் வந்தேவிட்டது.

நான் மண்டிக்கு ஓடினேன். ஓடும்போது ஒரு பைத்தியக்காரப் பயம் பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து அவரைப் பார்க்கவில்லையே, நிஜமாகவே ஏதாவது ஆகியிருந்தால்? ரேடியோ பொய் சொல்லாது என்று பழகிய புத்தி அது. உள்ளே போனால் புளிச் சிப்பங்களுக்கு நடுவே குந்தியிருந்து, கோணி ஊசியைப் பல்லில் கடித்தபடி நூலைக் கோத்துக்கொண்டிருந்தார். அவர் தோளைப் பிடித்து அழுத்திப் பார்த்தேன்.

"என்னா தம்பி, மறுபடி வெளையாட்டா?"

சொன்னேன். அவர் ஊசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார். போன மாதம் தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்ததில் சிலோனிலிருந்து வந்த ஒரு ஆள் செத்துப்போயிருந்தார். அந்தச் செய்தி அரைகுறையாகக் கடல் தாண்டியிருக்கும், வாராவாரம் வந்த பெயரும் ரேடியோவில் நின்றுபோனது, இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருப்பார்கள் என்று அவரே மெதுவாகச் சொன்னார். சத்தம் கேட்டு முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"என்னய்யா அது கும்பலு? யாரு செத்தது?"

"நானுங்க மொதலாளி" என்றார் அண்ணன்.

எடை போடுகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லென்று இருந்தன. "ஞாயித்துக்கெழம விடியக்காலைல தாலிய எறக்கிருவாங்க தம்பி. அவளுக்கு யாரு இருக்கா தடுக்க? அப்பன் செத்துப் போயாச்சு. அண்ணங்காரன் சொல்றதுதான். எறக்கிட்டா அப்பறம் நான் நேர்ல போயி நின்னாலும் அவ பட்டது பட்டதுதானே?"

தந்தி ஆபீசுக்குப் போனோம். தோட்டத்துத் துரைக்கு ஒன்று அடிக்கலாம் என்றான் பாய். அதுவும் கணக்கப்பிள்ளை கைக்குத்தான் போகும், அவள் நம்பமாட்டாள் என்றார் அண்ணன். நம்பாதே என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தானே? கடைசியில் இரண்டாகச் செய்தோம். துரைக்கு ஒன்று. பாட்டு நிகழ்ச்சி அறிவிப்பாளருக்கு இன்னொன்று. பாய்க்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, குமாஸ்தா திருத்தித் திருத்தி எழுதினார். இன்ன தோட்டத்து இன்னார் செத்ததாக வந்த அறிவித்தல் தவறு, உயிருடன் இருக்கிறார், சனிக்கிழமை நிகழ்ச்சியில் பெயரை வாசியுங்கள், மனைவி அதை மட்டுமே நம்புவாள். குமாஸ்தா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அனுப்பறவர் பேரும் செத்தவர் பேரும் ஒண்ணா இருக்குதே?"

"ஆமாங்க சார், அவருதான் இவரு" என்றேன். இன்னொரு நாளாக இருந்தால் அதை வைத்தே ஒரு வாரம் ஊரைச் சிரிக்க வைத்திருப்பேன். அன்றைக்கு என் யோசனையெல்லாம் தந்தியின் மேலேயே இருந்தது. தந்தி ஒழுங்காகப் போகுமா, போனாலும் அந்த மனிதர் கையில் கிடைக்குமா, கிடைத்தாலும் எவனோ விளையாடுகிறான் என்று கசக்கிப் போடுவாரா? கேலி செய்து பழகியவனுக்குத்தான் தெரியும், அந்தத் தந்தி எவ்வளவு கேலி மாதிரி இருந்தது என்று.

சனிக்கிழமை சாயங்காலம் வத்தல்மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. மின்னல் வெட்டும்போதெல்லாம் ரேடியோவில் எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி வெடித்தது. கரண்டை நம்ப முடியாது என்று பாய் டிரான்சிஸ்டரில் புது பேட்டரி போட்டு, அதன் கம்பியிலிருந்து ஒரு செப்பு ஒயரை இழுத்துக் கூரைத் தகரத்தில் கட்டினான். அண்ணன் கடைக்குள் வரமாட்டேன் என்றுவிட்டார். ரோட்டுக்கு அந்தாண்டை, பூட்டியிருந்த சைக்கிள் கடைப் பலகைமேல் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். போகும்முன் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"என்னால கேக்க ஏலாது. நீ கேட்டு வந்து சொல்லு. வந்தா வந்துச்சுன்னு சொல்லு, வரலேன்னா வரலேன்னு சொல்லு. பொய் மட்டும் சொல்லாத தம்பி."

நிகழ்ச்சி தொடங்கியது. நான் டிரான்சிஸ்டரை மடியில் வைத்துக் காதை அதன்மேல் வைத்துக்கொண்டேன். முதல் பாட்டு போனது. இரண்டாவது பாட்டின் நடுவில் பெங்களூர் ஏறி வந்து கன்னடத்தில் விலைவாசி சொன்னது. பாய் தலைமுடி அளவுக்கு முள்ளை நகர்த்தினான். சிலோன் மூழ்கி மூழ்கி எழுந்தது. அந்தக் குரல் கிணற்றுக்குள் போகும்போதெல்லாம் என் உயிரும் கூடவே போனது. அவர் பெயர் அந்த நேரம் பார்த்து வந்து போய்விட்டால்? பிறகு கட்டு வந்தது. சேலம் நேயர்கள். தருமபுரி நேயர்கள். ஆம்பூர் நேயர்கள். பாட்டு தொடங்கிவிட்டது. பாய் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். நான் வாசல் வழியே அந்த முதுகைப் பார்த்தேன். மழை தூற ஆரம்பித்தும் அவர் நகரவில்லை. ஒவ்வொரு பாட்டாகப் போயிற்று. நேரம் முடியப் போகிறது என்று தெரிந்தது. என் காது சூடேறி வலித்தது.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் நிறுத்தினார். வழக்கமான துள்ளல் இல்லாத குரலில், நேயர்களே, ஒரு பெயரை மட்டும் தனியாக வாசிக்கிறேன் என்றார். வாசித்தார். ஊரைச் சொன்னார், தோட்டத்தைச் சொன்னார், மீண்டும் பெயரைச் சொன்னார். இவர் நலமாக இருக்கிறார், இந்தப் பாட்டு இவர் தன் மனைவிக்காகக் கேட்டது, இவரைத் தெரிந்தவர்கள் உடனே போய்ச் சொல்லுங்கள் என்றார்.

நான் எப்படி ரோட்டைத் தாண்டினேன் என்று தெரியாது. அவர் முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வந்துருச்சுங்கண்ணா. ரெண்டு தரம் சொன்னாங்க."

"பொய் சொல்லாதன்னு சொன்னேன்ல?"

அவர் நம்பவில்லை. எத்தனை சத்தியம் செய்தும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பாய்தான் ஒயரைப் பிடுங்கிக்கொண்டு டிரான்சிஸ்டரோடு மழையில் ஓடிவந்தான். "மெய்யாலும் அண்ணே, எங்கத்தா மேல சத்தியம், இது ஒங்க பாட்டுதான்!" என்று அவர் காதில் வைத்தான். மூன்று பேரும் நனைந்தபடி அந்தப் பாட்டு முடியும்வரை அங்கேயே இருந்தோம்.

பெயர் வந்துவிட்டது. ஆனால் அது அவள் காதில் விழுந்ததா என்று சொல்ல எந்த ரேடியோவும் இல்லை. துரையிடமிருந்து பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மண்டிக்கே வரவில்லை. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவரும் கேட்கவில்லை, நாங்களும் பேசவில்லை. அவளுடைய தாள் வந்து, கப்பலும் ரயிலும் மாறி அவள் தருமபுரி ஸ்டேஷனில் இறங்கியபோது நாங்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தோம். தகரப் பெட்டியோடு படியில் கால் வைத்தவளின் முகத்தை நான் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தேன். சேலைத் தலைப்பு மூடியிருந்தது. அவள் குனிந்து பெட்டியை எடுத்தபோது மஞ்சள் கயிறு வெளியே வந்து ஆடியது.

பிறகொரு நாள் அண்ணி சோறு போட்டுக்கொண்டே சொன்னது இது. அந்தச் சனிக்கிழமை அவள் ரேடியோவே கேட்கவில்லை. எழவு விழுந்த லயத்தில் யார் ரேடியோ போடுவார்கள்? தோட்டத்துக் கடையிலும் மரியாதைக்காக மூடி வைத்துவிட்டார்களாம். தந்தி திங்கட்கிழமைதான் வந்ததாம். விடிந்தால் கருமாதி என்று நெருங்கிய பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்த நேரத்தில், மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு பொம்பளை சேறும் அட்டைக்கடியுமாக ஓடிவந்தாளாம். "சனிக்கெழம பாட்டுக் கேக்குற தருமபுரிக்காரரு வூடு எது?" என்று லயம் லயமாகக் கேட்டுக்கொண்டு வந்தாளாம். வாராவாரம் அந்தப் பெயரைக் கேட்டுப் பழகியவள். யார் என்ன என்று அவளுக்குத் தெரியாது.

அதைக் கேட்டதும் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். காத்திருந்த அத்தனை மாதத்திலும் வராத பயம் அந்த நிமிடம் வந்தது. செத்த வீட்டில் ரேடியோ பாடாது என்ற சின்ன விஷயம் எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லையே. அந்தப் பொம்பளைக்குக் கால்வலி இருந்திருந்தால்? மழை இன்னும் பலமாகப் பெய்திருந்தால்? எந்தக் கணக்கிலும் இல்லாத ஒரு ஆள் ஓடிவந்ததால் நின்ற தாலி அது. அண்ணி இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அண்ணன் வழக்கம்போல வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாகச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

எழுதி முடித்ததும் பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்துப் போட்ட செட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, கடைசித் தாள் வரை நிதானமாகப் படித்தான். எப்படிடா இருக்குது என்று கேட்டேன். தாள்களை மடித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டு அவன் சொன்னான்:

"எல்லாம் சரிடா, அன்னிக்கு அந்தப் பேரு வராமயே போயிருந்தா, ரோட்டத் தாண்டிப் போயி நீ என்ன சொல்லியிருப்ப?"